ஜெர்மன் நினைவு வெள்ளி நாணயங்கள், பதக்கங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

காசுப்பெட்டி (தூத்துக்குடி):

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா எழுபதுகள்ல சரக்குக் கப்பல்ல எஞ்சினியரா இருந்தவர். ஹாம்பர்க், லிவர்பூல் பக்கம் நிறையப் போய் வந்திருக்கார். அவரோட தகர டப்பா ஒண்ணு இப்ப என்கிட்ட வந்திருக்கு. உள்ள இருக்கறதைச் சொல்றேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கணும்.

1913னு போட்ட நாணயம் ஒண்ணு. குதிரை மேல ஒருத்தர், சுத்தி ஜனங்க கையை உயர்த்திக்கிட்டு நிக்கறாங்க. பின்பக்கம் ஒரு கழுகு பாம்பை நகத்துல பிடிச்சிருக்கு. விளிம்புல எழுத்து ஓடுது. எடை 16.6 கிராம் காட்டுது. அப்புறம் 1972 ஒலிம்பிக் 10 மார்க் மூணு. பீத்தோவன் படம் போட்ட 5 மார்க் ஒண்ணு. கடைசியா உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பதக்கம். ஒரு பக்கம் கப்பல் மூழ்குது, மறுபக்கம் டிக்கெட் கவுண்டருக்குள்ள ஒரு எலும்புக்கூடு உக்காந்திருக்கு.

இதையெல்லாம் பார்த்ததுலேருந்து ஜெர்மன் நினைவு நாணயங்களை முறையாச் சேர்க்கணும்னு ஆசை. இணையத்துல ஒருத்தர் சாக்சனி 3 மார்க், 1917, ஃப்ரீட்ரிஷ் படம் போட்டது 9,000 ரூபாய்க்குத் தர்றேங்கறார். வாங்கலாமா?

நாணயத்துளி (சென்னை):

தம்பி, அந்த 1917ஐ முதல்ல விடுங்க. லூதரின் கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தம் தொடங்கி 400 ஆண்டு ஆனதை ஒட்டி, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், முல்டன்ஹூட்டன் நாணயச் சாலையில் அடித்தது அது. படத்தில் இருப்பவர் லூதருக்கு அடைக்கலம் கொடுத்த சாக்சனி ஆட்சியாளர், ‘அறிவாளி’ ஃப்ரீட்ரிஷ். மொத்தம் அடித்ததே 100 நாணயம். ஏலத்துக்கு வந்தால் பல பத்தாயிரம் யூரோ போகும். 9,000 ரூபாய்க்கு ஒருவர் தருகிறார் என்றால் அது நகல்தான். ஜெர்மனியிலேயே நினைவுப் பொருளாக நகல் அடித்து விற்றிருக்கிறார்கள், கள்ளத்தனமாக வார்த்ததும் புழங்குகிறது. இந்த ஒரு நாணயத்தை ஏலக்கூடம் தவிர வேறு எங்கும் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் 1913க்கு வருவோம். அது அன்றைய ஜெர்மனிக்குள் இருந்த பிரஷ்யா அரசின் 3 மார்க். குதிரையில் இருப்பவர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம். 1813 மார்ச் 17 அன்று பிரெஸ்லாவிலிருந்து ‘என் மக்களுக்கு’ என்று நெப்போலியனுக்கு எதிராக அறைகூவல் விடுத்தார். அதன் நூற்றாண்டுக்கு வந்த நாணயம். மேலே ‘மன்னர் அழைத்தார், எல்லோரும் எல்லோரும் வந்தனர்’ என்று எழுதியிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடுத்த வருஷமே முதல் உலகப்போருக்கு அதே நாட்டில் உண்மையாகவே ஆள் திரட்டினார்கள். அதை நினைத்துக்கொண்டு பார்க்கும்போது அந்தக் கைகள் வேறு மாதிரி தெரியும்.

லட்சக்கணக்கில் அடித்ததால் விலை குறைவு. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல நாணயம் இல்லை.

காசுப்பெட்டி:

நன்றி ஐயா. விளிம்புல ‘காட் மிட் உன்ஸ்’னு இருக்கு, ‘கடவுள் நம்மோடு’னு கூகுள் சொல்லுது. அப்ப அசல்தானா?

நாணயத்துளி:

ஜெர்மன் பேரரசுக் காலத்து (1918 வரை) 3 மார்க், 5 மார்க் இரண்டின் விளிம்பிலும் அந்த வாசகம் இருக்க வேண்டும். 2 மார்க்கில் வெறும் கோடுதான் இருக்கும். வாசகம் இருந்தால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது. வார்த்த நகலில் எழுத்து மழுங்கிச் சோப்பில் அழுத்தியது போலத் தெரியும். எடை 16.67, விட்டம் 33 மில்லிமீட்டர். இரண்டும் சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதியை வெள்ளிக்கொலுசு அக்கா சொல்வார்.

வெள்ளிக்கொலுசு (சேலம்):

தம்பி, எங்க வீட்ல மூணு தலைமுறையா வெள்ளிப் பட்டறை. நாணயக்காரங்க படத்தைப் பார்ப்பாங்க, நான் முதல்ல உலோகத்தைத்தான் பார்ப்பேன். ஜெர்மன் காசை எடை போட ஆரம்பிச்சா அந்த நாட்டுக் கதை பூரா தராசுலயே கிடைச்சுடும்.

பேரரசு காலத்துல 1000க்கு 900 சுத்தம். 5 மார்க் 27.78 கிராம், அதுல சுத்த வெள்ளி சரியா 25 கிராம். 3 மார்க்குல 15, 2 மார்க்குல 10. அதாவது ஒரு மார்க்குக்கு 5 கிராம் வெள்ளி, கணக்கு அவ்வளவு நேர்த்தி. நம்ம விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், 2 மார்க் 11.11 கிராம். ரெண்டையும் கையில வெச்சுப் பாருங்க, வித்தியாசமே தெரியாது.

முதல் உலகப்போர்ல தோத்து, பணவீக்கத்துல பணமே காகிதமாப் போய், அப்புறம் 1925லேருந்து, மன்னர் போனதும் வந்த வைமார் குடியரசு நினைவு நாணயம் அடிக்கறாங்க. சுத்தம் 500தான். 3 ரைக்ஸ்மார்க் (அப்ப மார்க்குக்கு அந்தப் பேர்) 15 கிராம், 5 ரைக்ஸ்மார்க் 25 கிராம். பார்க்கப் பெருசு, உள்ள பாதிதான் வெள்ளி. மார்க்குக்கு 2.5 கிராம்.

1933க்கு அப்புறம் 5 ரைக்ஸ்மார்க் சின்னதாயிடுது, 13.89 கிராம், ஆனா சுத்தம் மறுபடி 900. கணக்குப் போட்டுப் பாருங்க, 12.5 கிராம் வெள்ளி. அதே மார்க்குக்கு 2.5தான்! சுத்தத்தை ஏத்தி எடையைக் குறைச்சுட்டாங்க, கொடுக்கற வெள்ளி ஒரு குந்துமணிகூட மாறலை. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மேற்கு ஜெர்மனி 5 மார்க் 11.2 கிராம், சுத்தம் 625, அதாவது 7 கிராம் வெள்ளி. உங்க பீத்தோவன் அதுதான். ஒலிம்பிக் 10 மார்க் 15.5 கிராம், அதுல 9.7 கிராம் வெள்ளி இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், இதுக்காகத்தான் எழுத வந்தேன். யாரும் அதைத் தேய்ச்சு வெக்காதீங்க. நம்ம வீடுகள்ல வெள்ளின்னா விபூதி, புளி, பல்பொடி எது கைல கிடைக்குதோ அதைப் போட்டுத் தேய்க்கறது பழக்கம். விளக்குக்கும் டம்ளருக்கும் சரி. நாணயத்துல அந்த மேல்தோல் போச்சுன்னா திரும்ப வரவே வராது, விலை பாதியாயிடும்.

காசுப்பெட்டி:

அக்கா, நல்லவேளை கேட்டேன். அம்மா விபூதி டப்பாவோட தயாரா நின்னாங்க.

இன்னொண்ணு. அந்த 1913க்கு மேல் விளிம்புல, பன்னிரண்டு மணி இடத்துல, சின்னதா ஒரு தழும்பு மாதிரி இருக்கு. அங்க மட்டும் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கு.

வெள்ளிக்கொலுசு:

வளையம் பத்த வெச்ச தழும்பு தம்பி. யாரோ அதைச் சங்கிலியில கோத்துப் போட்டிருக்காங்க, இல்லேன்னா ப்ரூச் பண்ணியிருக்காங்க. அப்புறம் வளையத்தை எடுத்துட்டு அரம் போட்டிருக்காங்க. பத்தாசு (ஒட்ட வெக்கற உலோகம்) உருகின சூடு பட்ட இடம் எப்பவும் நிறம் வேறயாத்தான் இருக்கும்.

ரூர்க்கரை (டோர்ட்முண்ட்):

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து கனகாலம். ஞாயிற்றுக்கிழமையில பழைய சாமான் சந்தைக்குப் போய்ப் பாக்கிறது எனக்கொரு பழக்கம். வெள்ளிக்கொலுசு அக்கா சொன்ன தழும்புக்கு இஞ்ச ‘ஹென்கெல்ஷ்பூர்’ எண்டு பேர். ஏலப் பட்டியலில அந்தச் சொல்லைக் கண்டால் விலை நல்லா இறங்கும். விளிம்பில அடி பட்டிருந்தால் ‘ராண்ட்ஃபேலர்’ எண்டு எழுதுவினம். இந்த ரெண்டு சொல்லையும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, வாங்கேக்க உதவும்.

தரத்துக்கும் இஞ்ச தனிச் சொல்லுகள் இருக்கு. ‘ஸேர் ஷோன்’ எண்டால் புழங்கின காசு, ஆனால் படம் தெளிவு. ‘ஃபோர்ட்சூக்லிஷ்’ எண்டால் கொஞ்சம்தான் தேய்ஞ்சிருக்கும். ‘ஸ்டெம்பெல்கிளான்ஸ்’ எண்டால் அச்சில இருந்து எடுத்த மாதிரி. கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதை ‘போலியர்ட்டே பிளாட்டே’ எண்டுவினம். விக்கிற ஆள் எழுதிறதை அப்பிடியே நம்பாமல், படத்தில குதிரையின்ர கழுத்தையும் கழுகின்ர நெஞ்சையும் வடிவாப் பாருங்கோ. தேய்மானம் எப்பவும் உயரமான இடத்திலதான் முதல் தெரியும்.

ஒலிம்பிக் காசில ஒரு கதை இருக்கு தம்பி. மூண்டையும் திருப்பி எழுத்தை வாசியுங்கோ. ‘இன் டாய்ச்லாண்ட்’ எண்டு இருக்கோ, ‘இன் முன்ஷன்’ எண்டு இருக்கோ?

காசுப்பெட்டி:

ஒண்ணுல டாய்ச்லாண்ட், ரெண்டுல முன்ஷன்! சுருள் மாதிரி டிசைன் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

ரூர்க்கரை:

அதுதான். முதல் அடிச்சதில ‘1972 ஜெர்மனியில் ஒலிம்பிக்’ எண்டு போட்டினம். கிழக்கு ஜெர்மனி எதிர்த்துது. ஜெர்மனி எண்டால் நீங்கள் மட்டுமோ, நாங்கள் ஆர் எண்டு கேட்டினம். பிறகு ‘மியூனிக்கில்’ எண்டு மாத்தி அடிச்சினம். அந்த ஒரு சொல்லுக்குள்ள பனிப்போர் முழுக்க இருக்குது. ‘டாய்ச்லாண்ட்’ போட்டதே ஒரு கோடி அடிச்சவை, அதால அரிது எண்டு சொல்லி ஆரும் கூட விலை கேட்டால் குடுக்க வேண்டாம்.

பெறுமதி எண்டு பாத்தால், ஜெர்மன் மத்திய வங்கி பழைய மார்க்கைக் காலக்கெடு இல்லாமல் இப்பவும் மாத்தித் தரும். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். அப்பிடிப் பாத்தால் 10 மார்க்குக்கு 5.11 யூரோ வரும். அதுக்குள்ள கிடக்கிற வெள்ளி அதைவிடக் கூட. வங்கியில குடுக்காதேங்கோ.

அந்த எழுத்துக்குக் கிட்ட தனியா ஒரு எழுத்து இருக்கும், அதுதான் நாணயச் சாலைக் குறி. டி எண்டால் மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹே, ஜே ஹாம்பர்க். பேரரசு காலத்துக் காசில ஏ வந்தால் பெர்லின், ஈ வந்தால் முல்டன்ஹூட்டன்.

காசுப்பெட்டி:

டாய்ச்லாண்ட் ஒண்ணு ஜே. பெரியப்பா ஹாம்பர்க்ல வாங்கினதுதான் போல.

பதக்கப்பித்தன் (கோவை):

அந்தக் கறுப்புப் பதக்கத்தை யாருமே தொடலையே! இந்த டப்பாவிலேயே எனக்கு ஆர்வமான பொருள் அதுதான். மூழ்கும் கப்பலுக்குக் கீழே தேதி எழுதியிருக்கும். ‘மே’ என்ற சொல்லின் கடைசி எழுத்து ஐ (I) என்று இருக்கிறதா, ஒய் (Y) என்று இருக்கிறதா?

காசுப்பெட்டி:

‘5 மே 1915’. கடைசி எழுத்து ஒய் சார். காந்தம் வெச்சா கபக்னு ஒட்டுது.

பதக்கப்பித்தன்:

அப்ப அது ஜெர்மன் பதக்கத்தின் ஆங்கிலேய நகல். ஏமாற்றம் வேண்டாம், இந்த நகலுக்கே ஒரு பெரிய கதை உண்டு.

மியூனிக்கில் கார்ல் கோட்ஸ் என்று ஒரு பதக்கக் கலைஞர், 1875இல் பிறந்தவர். 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடேனியா என்ற பயணிகள் கப்பலை அயர்லாந்துக் கடலோரத்தில் மூழ்கடித்தது. கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள். கோட்ஸ் தன் கைப்பணத்தில் ஒரு பதக்கம் செய்தார். கப்பலில் பீரங்கியும் விமானமும் ஏற்றியிருப்பதாகச் செதுக்கி, மேலே ‘கடத்தல் சரக்கு இல்லை!’ என்று எழுதினார். பயணிகள் கப்பல் என்று சொல்லிவிட்டு ஆயுதம் ஏற்றினீர்களே என்று கேலி செய்வது அவர் நோக்கம். மறுபக்கம் அந்தக் கப்பலை ஓட்டிய கூனார்ட் கம்பெனியின் டிக்கெட் கவுண்டர், உள்ளே எலும்புக்கூடு சீட்டு விற்கிறது, மேலே ‘வியாபாரமே எல்லாம்’. வரிசையில் நிற்கும் ஒருவர் கையில் செய்தித்தாள், அதில் நீர்மூழ்கி அபாயம் என்று தலைப்பு. அவருக்குப் பக்கத்தில் உயரத் தொப்பியோடு விரலை உயர்த்தி எச்சரிப்பவர் ஜெர்மன் தூதர். லென்ஸ் வைத்துத் தேடுங்கள், அத்தனையும் கிடைக்கும்.

கோட்ஸ் தேதியை மே 5 என்று தவறாகப் போட்டுவிட்டார். கப்பல் மூழ்கியது 7ஆம் தேதி. ஆங்கிலேயர் இதை விடுவார்களா? முன்கூட்டியே திட்டமிட்டுப் பதக்கம்கூடச் செய்து வைத்திருந்தார்கள் பாருங்கள் என்று பிரசாரம் செய்து, லட்சக்கணக்கில் இரும்பில் நகல் வார்த்து, அட்டைப் பெட்டியில் ஒரு துண்டறிக்கையோடு விற்றார்கள். கோட்ஸ் தேதியைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அசலில் ஜெர்மன் முறைப்படி ‘மாய்’ என்று ஐயில் முடியும், நகலில் ஆங்கில முறையில் ஒய். லிவர்பூலில் உங்கள் பெரியப்பா வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

என் கட்சி இதுதான். நாணயத்தில் அரசாங்கம் சொல்ல நினைத்தது மட்டும்தான் இருக்கும். பதக்கத்தில் கோபம், கேலி, பொய் எல்லாம் இருக்கும். ஜெர்மனியைச் சேர்ப்பவர் பதக்கத்தைத் தள்ளிவைத்தால் பாதிக் கதையை இழக்கிறார்.

நாணயத்துளி:

பித்தன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் புதிதாக வருபவருக்குப் பதக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாணயத்துக்கு எடை, சுத்தம், எத்தனை அடித்தார்கள், எந்த நாணயச் சாலை என்று எல்லாம் பதிவில் உண்டு. யேகர் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, உலகத்தில் எந்த ஜெர்மன் நாணயக்காரரிடமும் அந்த எண்ணைச் சொன்னால் போதும். தம்பியின் 1913 யேகர் 110. பதக்கத்துக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. ஒரே கலைஞர் வெண்கலம், இரும்பு, வெள்ளி எல்லாவற்றிலும் செய்திருப்பார். பிறகு வார்த்தது எது, அப்போதே வார்த்தது எது என்று பிரிக்க வருஷக்கணக்கில் கண் பழக வேண்டும்.

பதக்கப்பித்தன்:

ஐயா, பிடிமானம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கோட்ஸ் பதக்கங்களில் விளிம்பில் அவர் பெயர் பொறித்திருக்கும். பவேரிய அரசு நாணயச் சாலையில் அடித்த வெள்ளிப் பதக்கம் என்றால் விளிம்பில் சாலையின் பெயரும் சுத்தமும் சேர்ந்தே இருக்கும். விளிம்பு மொட்டையாக இருந்தால் விலை பேசாமல் நகர்ந்துவிட வேண்டும்.

வெள்ளியே வேண்டாம் என்றால் இன்னொன்று சொல்கிறேன். 1923 பணவீக்கத்தின்போது சாதாரண உலோகத்தில் சிறு பதக்கங்கள் அடித்தார்கள். ‘ஜெர்மன் மக்களின் துயரப் பாதை’ என்று தலைப்பு. 1923 நவம்பர் 1 அன்று ஒரு பவுண்டு ரொட்டி 300 கோடி மார்க், ஒரு பவுண்டு இறைச்சி 3,600 கோடி, ஒரு குவளை பீர் 400 கோடி என்று பொறித்திருக்கும். வெள்ளி விலை எல்லாம் கிடையாது, சல்லிசாகக் கிடைக்கும். அக்கா சொன்ன 900 எப்படி 500 ஆனது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வரலாற்று வாத்தியார் (மதுரை):

ஒரு கேள்வி எழுப்புகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1934இல் வந்த போட்ஸ்டாம் கேரிசன் தேவாலய நாணயம் நம் ஊர்ச் சந்தையிலும் வருகிறது. ‘21 மார்ச் 1933’ என்ற தேதியும் கோபுரத்துக்கு இரு புறமும் ஸ்வஸ்திகாவும் உள்ளது. அந்தத் தேதியில்தான் அந்தத் தேவாலயத்தில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கும் ஹிட்லரும் கை குலுக்கினார்கள். பழைய பிரஷ்யா புது ஆட்சியை ஆசீர்வதித்தது போல ஒரு நாடகம். இதையும் நினைவு நாணயம் என்று சேர்க்கலாமா?

நான் பாடம் நடத்துபவன் என்பதால் சேர்க்க வேண்டும் என்பேன். 1929இல் வைமார் அரசு ஒரு 3 மார்க் அடித்தது. ஒரு பக்கம் ஹிண்டன்பர்க் தலை, மறுபக்கம் சத்தியம் செய்ய உயர்த்திய கை, ‘அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக’ என்ற வாசகம். அரசியல் சட்டத்துக்குப் பத்து வயது ஆனதற்காக. அதையும் 1934ஐயும் அடுத்தடுத்து மேசையில் வைத்தால் மாணவனுக்கு நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

ரூர்க்கரை:

வாத்தியார், இஞ்ச அந்தச் சின்னத்தைப் பொதுவில காட்டிறது சட்டப்படி குற்றம். படிப்பு, ஆராய்ச்சி மாதிரிச் சில தேவையளுக்கு மட்டும் விலக்கு. அதால கன ஏலப் பட்டியலில அந்த இடத்தை மறைச்சுப் போடுவினம். சேர்க்கிறதில தப்பில்லை, ஆனால் அதைத் தேடித் தேடிப் பெருமையாச் சேர்க்கிற ஆக்களும் இருக்கினம். சந்தையில அப்பிடியான ஆக்களைக் கண்டால் நான் விலகிப் போயிடுவன். என்ர பிள்ளையள் இந்த நாட்டில வளருதுகள், எனக்கு இது வெறும் காசு இல்லை.

வரலாற்று வாத்தியார்:

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி ஐயா. தனியே அதை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு நானும் எதிரிதான். அந்தத் தேவாலயம் 1945 குண்டுவீச்சில் எரிந்தது, எஞ்சிய சுவர்களை 1968இல் கிழக்கு ஜெர்மன் அரசு தகர்த்தது. அதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தவர் மட்டும் வாங்கட்டும்.

காசுப்பெட்டி:

இவ்வளவு வரும்னு நான் எதிர்பார்க்கவே இல்லை. வெள்ளிக்கொலுசு அக்கா, 1913ஐ அமிலம், உரைகல் இல்லாம வீட்லயே சோதிக்க வழி இருக்கா?

வெள்ளிக்கொலுசு:

இருக்கு. அமிலமும் வேண்டாம், உரைகல்லும் வேண்டாம், ரெண்டுமே காசைக் காயப்படுத்தும். 0.01 கிராம் காட்டற சின்னத் தராசு ஒண்ணு வேணும். ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தித் தராசுமேல வெச்சுப் பூஜ்யம் பண்ணுங்க. காசை மெல்லிசு நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிடுங்க. அடியையோ பக்கத்தையோ தொடவே கூடாது, காத்துக் குமிழ் ஒட்டியிருந்தா லேசா ஆட்டி விடுங்க. அப்ப தராசு காட்டற எண்தான் காசு தள்ளின தண்ணி. 900 வெள்ளியோட அடர்த்தி சுமார் 10.3. 16.67 கிராம் காசுன்னா 1.62 பக்கத்துல வரணும். பித்தளை, நிக்கல்னா 1.9ஐ நெருங்கிடும். முடிஞ்சதும் நல்ல தண்ணியில முக்கி எடுத்து, மெத்துன்னு துணியால ஒத்தி எடுங்க. தேய்க்கக் கூடாது.

காசுப்பெட்டி:

பண்ணிப் பார்த்தேன் அக்கா. எடை 16.60, தண்ணியில 1.61!

வெள்ளிக்கொலுசு:

வெள்ளிதான். அந்த 0.07 கிராம் அரத்துலயும் தேய்மானத்துலயும் போனது.

பதக்கப்பித்தன்:

வாழ்த்துகள் தம்பி. தூத்துக்குடிக்காரர் என்பதால் நம் கரையோடு ஒட்டிய ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியது. உயர் நீதிமன்ற மதில் பக்கம் அதற்கான கல்வெட்டு இன்றைக்கும் உண்டு. அந்த எம்டனுக்கும் தளபதி கார்ல் ஃபான் முல்லருக்கும் ஜெர்மனியில் பதக்கங்கள் வந்தன. நான் ரொம்ப நாளாகத் தேடுவது ஒரு வெள்ளிப் பதக்கம்.

ஆனால் எம்டன் பதக்கம் என்று உலகம் முழுக்க அதிகம் அறியப்பட்டது ஜெர்மன் பதக்கமே இல்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. சிதைந்த கப்பலில் மெக்சிகோ வெள்ளி டாலர்கள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. சீனாவில் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் அல்லவா, அந்தக் கரையில் அதுதான் செல்லும் காசு. அதில் ஆயிரத்தை ஆஸ்திரேலியாவில் ஒரு நகைக்கடையில் கொடுத்து, மேலே கிரீடமும் இரு கப்பல்களின் பெயரும் தேதியும் வைத்துப் பதக்கமாக்கினார்கள். சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள், கொஞ்சம் பொதுமக்களுக்கும் விற்றார்கள். மெக்சிகோ வெள்ளி, ஜெர்மன் கப்பல், ஆஸ்திரேலியக் கிரீடம், அத்தனைக்கும் முன்னால் சென்னையில் எரிந்த எண்ணெய். ஒரே பதக்கத்தில் இவ்வளவு.

நாணயத்துளி:

அதற்கும் நகல் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

தம்பி, இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பேரரசுக் காலம், வைமார், மேற்கு ஜெர்மனி என்று மூன்று வழி இருக்கிறது.

மேற்கு ஜெர்மனி சுலபம். பீத்தோவன் மாதிரி நாணயங்கள் வெள்ளி விலைக்கே கிடைக்கும். ஆனால் முதல் ஐந்தும் கடினம். 1952 நியூரம்பர்க் ஜெர்மானிய அருங்காட்சியகம், 1955 கவிஞர் ஷில்லர், அதே ஆண்டு பாடன் இளவரசர் லூட்விக் வில்ஹெல்ம், 1957 கவிஞர் ஐஷன்டோர்ஃப், 1964 தத்துவவாதி ஃபிக்டே. முதல் நான்கும் தலா இரண்டு லட்சம் அளவில்தான். நியூரம்பர்க் கழுகு ப்ரூச் படம் போட்டதற்கு ஏகப்பட்ட நகல். ஷில்லர் விளிம்பில் ‘ஒன்றுபடுங்கள், ஒன்றுபடுங்கள், ஒன்றுபடுங்கள்’ என்று அவர் நாடக வசனமே ஓடும், நாடு இரண்டாகக் கிடந்த நேரத்தில்! 1979இல் வெள்ளி விலை எகிறியதால் விஞ்ஞானி ஓட்டோ ஹான் நாணயம் வெள்ளி இல்லாமலே வந்தது. பிறகு 1987இல் பெர்லின் 750 ஆண்டுக்கான 10 மார்க்கில்தான் வெள்ளி திரும்பியது.

பேரரசில் அழகு அதிகம், ஆனால் முக்கால்வாசி மன்னர் தலை. பாடன் ஆட்சியாளரின் பொன்விழாத் திருமணம், வூர்ட்டம்பர்க் மன்னரின் வெள்ளிவிழாத் திருமணம், பவேரியாவில் லூயிட்போல்டின் தொண்ணூறாம் பிறந்தநாள் என்று குடும்ப விசேஷமாகவே இருக்கும். விதிவிலக்கு உண்டு. 1913 லைப்சிக் போர் நினைவுச் சின்னம், 1915 மான்ஸ்ஃபெல்ட் நாணயத்தில் டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ் இரண்டும் என் கைக்கு வந்த அன்று நான் தூங்கவில்லை.

என் மனசு இருப்பது வைமாரில்தான். ஏழு எட்டு ஆண்டுக்குள், தோற்ற ஒரு நாடு தன்னை யார் என்று தேடித் தேடி அடித்த நாணயங்கள் அவை. மன்னர்கள் போய்விட்டார்கள், யார் முகத்தைப் போடுவது? ஓவியர் ட்யூரரைப் போட்டார்கள், நாடக ஆசிரியர் லெஸ்ஸிங்கைப் போட்டார்கள், கவிஞர் கோதேயைப் போட்டார்கள். ஊர்களைப் போட்டார்கள். ஆயிரம் ஆண்டு நிறைந்த மெய்சன், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்ஹௌசன். 1631இல் எரிந்து மறுபடி எழுந்த மாக்டபர்க். 1929இல் கிராஃப் செப்பலின் வான்கப்பல் உலகைச் சுற்றி வந்ததும் உருண்டைக்கு மேல் அதைப் பறக்கவிட்டு ஒரு நாணயம். பிரெஞ்சுப் படைகள் ரைன்லாந்தை விட்டுப் போனதும் பாலத்தின் மேல் கழுகு உட்கார்ந்திருக்கும் நாணயம், ‘ரைன் ஜெர்மனியின் ஆறு, ஜெர்மனியின் எல்லை அல்ல’ என்ற வாசகத்தோடு.

காசுப்பெட்டி:

செப்பலின்தான் முதல்ல வேணும் ஐயா!

நாணயத்துளி:

எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அதனால் விலை கொஞ்சம் கூட இருக்கும். பரவாயில்லை, ஆசைப்பட்டதை முதலில் வாங்குங்கள். 3 மார்க்கே போதும், 5 மார்க்கில் உள்ள படம்தான் அதிலும். பாதி வெள்ளி என்பதால் இவை சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும், பளிச்சென்று வெள்ளை வெளேர் என்று ஒன்று வந்தால் யாரோ கழுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோதே 5 மார்க்கை மறந்துவிடுங்கள், எல்லா நாணயச் சாலையும் சேர்த்துச் சுமார் 20,000தான்.

வெள்ளிக்கொலுசு:

வாங்கினதை எங்க வெக்கறதுங்கறதையும் சொல்லிடறேன், கடற்கரை ஊர்னால. மெத்து மெத்துனு இருக்கற பிவிசி கவர் வேண்டவே வேண்டாம், நாளானா பச்சையாப் பிசுபிசுன்னு இறங்கும். ரப்பர் பேண்டுல கந்தகம் இருக்கு, பக்கத்துலயே வராதீங்க. கெட்டியான கேப்சூல், இல்லேன்னா மைலார் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒட்டின அட்டை. டப்பாக்குள்ள சிலிக்கா பொட்டலம் போட்டு, மழைக்காலத்துல மாத்துங்க. பெரியப்பாவோட தகர டப்பா வேண்டாம், அதை வேற எதுக்காவது வெச்சுக்குங்க.

காசுப்பெட்டி:

கேப்சூல் ஆர்டர் போட்டாச்சு அக்கா. 33 மில்லிமீட்டர், 32.5, 29, மூணு அளவு. இரும்புப் பதக்கத்தை என்ன பண்றது, அதுக்கு அளவே கிடைக்கலை.

பதக்கப்பித்தன்:

அதுக்கு 55, 56 மில்லிமீட்டர் வேண்டும். இரும்பு என்பதால் வெள்ளியோடு சேர்த்து வைக்காதீர்கள், துரு பிடிக்கும். தனியாக, சிலிக்கா போட்டு. துண்டறிக்கையோ அட்டைப் பெட்டியோ அந்தத் தகர டப்பாவின் அடியில் மடிந்து கிடக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பெட்டியோடு இருந்தால் பதக்கத்தின் விலையே வேறு.

காசுப்பெட்டி:

அடியில ஒரு பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கு சார். நாளைக்குப் பகல் வெளிச்சத்துல பொறுமையாப் பிரிச்சுப் பார்த்துட்டுப் படம் போடறேன்.